கணக்கு வகுப்புக்கு இணையம்: காணொளிக்கு முன் கேள்வி

மும்பையை அடுத்த டோம்பிவிலியில் ஒரு வீடு. ஞாயிறு இரவு பத்தரை மணி. பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஐகன் வெக்டர் கணக்கில் மூன்றாவது வரியோடு நிற்கிறாள். விடிந்தால் மாட்டுங்காவுக்கு ரயில் பிடிக்க வேண்டும். யூடியூபில் அந்தப் பாடத்துக்குக் காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன; அவற்றில் இரண்டைப் பார்த்தும் விட்டாள். அவளுக்கு இப்போது வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: "இந்த வரி வரைக்கும் சரி, இதற்கடுத்த வரியில் குறி மாறிவிட்டது" என்று சொல்ல ஓர் ஆள்.

கல்லூரிக் கணக்குக்கு இணையம் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் நம் ஆசிரியர்களின் உழைப்பில் பெரும்பகுதி காணொளிப் பதிவுக்கே போய்விடுகிறது. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் இணையப் பாடத் திட்டமான என்பிடெல் 2003-இல் தொடங்கியது. மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் 2017-இல் வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடங்களைத் திறந்து வைக்கப்போவதாக அறிவித்தது 2001-இல். அங்கே பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்ட்ராங்கின் நேரியல் இயற்கணித வகுப்புகளை இன்று யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். இவ்வளவு இருக்கும்போது, அதே பாடத்தை மங்கிய வெளிச்சத்தில், மின்விசிறிச் சத்தத்தோடு நாற்பது மணி நேரம் மறுபடி பதிவு செய்வதில் மாணவருக்கு என்ன லாபம்? பதிவு செய்தே ஆக வேண்டுமென்றால் உங்கள் வகுப்பு வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்களுக்கு மட்டும் செய்யுங்கள். எட்டுப் பத்து நிமிடம் போதும். காகிதத்துக்கு மேலே ஃபோனைக் கவிழ்த்து நிறுத்தி, கையால் எழுதிக்கொண்டே பேச வேண்டும். மிச்சமாகும் நேரத்தைக் கேள்வி தயாரிக்கக் கொடுங்கள்.

சர்வர், மென்பொருள், கல்லூரி அனுமதி என்று எதற்கும் காத்திருக்காமல் இந்த வாரமே தொடங்க ஒரு வழி உண்டு. கூகுள் ஃபார்ம் ஒன்றும் மாணவரின் பதிவு எண்ணும் போதும். பதிவு எண்ணின் கடைசி இலக்கத்தைக் கணக்குக்குள் நுழைத்துவிட்டால் ஒரே கேள்வி பத்துக் கேள்வியாகிவிடும். பக்கத்து நண்பனின் விடையைப் பார்த்து எழுதினால் பெரும்பாலும் தப்பாகும். முறையைக் கேட்டுக் கற்றுக்கொண்டால் சரியாகும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. எக்ஸ்² · ஈ^(க·எக்ஸ்) என்ற சார்பைக் கொடுத்து (க என்பது மாணவருக்கு மாணவர் மாறும் எண்), எக்ஸ் = 1 என்ற இடத்தில் அதன் வகைக்கெழுவை (டெரிவேட்டிவ்) கண்டு, ஈ^க-வால் வகுத்து, வரும் முழு எண்ணை மட்டும் எழுதச் சொல்லுங்கள். சரியான விடை க + 2. பெருக்கல் விதியை மறந்து இரண்டு வகைக்கெழுக்களையும் நேராகப் பெருக்கியவருக்கு 2க வரும். சங்கிலி விதியை விட்டவருக்கு 3. இரண்டாம் உறுப்பை மறந்தவருக்கு 2, முதல் உறுப்பை மறந்தவருக்கு க. மாணவர் எழுதிய எண்ணைப் பார்த்தே அவர் எங்கே தவறினார் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் க-வின் மதிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு வைக்க முடியாது. க = 2 என்றால் க + 2, 2க இரண்டுமே 4. பெருக்கல் விதியே தெரியாதவருக்கு முழு மதிப்பெண் போகும். க = 3 என்றால் சங்கிலி விதியை விட்டவரும் முதல் உறுப்பை மறந்தவரும் ஒரே எண்ணில் வந்து நிற்பார்கள்; யாருக்கு எந்தக் குறிப்பு அனுப்புவது என்று தெரியாது. ஆகவே க = கடைசி இலக்கம் + 4 என்று வைக்க வேண்டும். அப்போது க 4 முதல் 13 வரை போகும், ஐந்து விடைகளும் எங்கும் மோதாது. சரியான விடை கடைசி இலக்கத்தோடு 6. கேள்வி எழுதும்போது நேரம் பிடிக்கிற வேலையே இந்த மோதல் சோதனைதான். இதைத் தவிர்த்தவரின் வினாத்தாள் தவறான முறைக்கு மதிப்பெண் கொடுத்துக்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியவும் தெரியாது.

திருத்துவதைக் கூகுள் ஷீட் பார்த்துக்கொள்ளும். ஒரு நிரலில் பதிவு எண், அடுத்ததில் ரைட் சார்பு போட்டு எடுத்த கடைசி இலக்கம், அதற்கடுத்து விடை சரியா என்று பார்க்கும் இஃப் சார்பு. இங்கே ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது: ரைட் சார்பு திருப்பித் தருவது எழுத்து, எண் இல்லை. அதை வேல்யூ சார்புக்குள் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணோடு ஒப்பிடும்போது எல்லாமே தப்பு என்று வரும். பதிவு எண்ணை மாணவரே தட்டச்சு செய்தால் சிலர் வகுப்பு வரிசை எண்ணைப் போடுவார்கள், சிலர் பின்னால் இடைவெளி விடுவார்கள். மின்னஞ்சல் முகவரியை ஃபார்மே எடுத்துக்கொள்ளும்படி வைத்து, தனித்தாளில் உள்ள பட்டியலிலிருந்து விலுக்கப் (VLOOKUP) சார்பு மூலம் பதிவு எண்ணைக் கொண்டுவந்தால் அந்தத் தொல்லை இல்லை. கூகுள் ஃபார்மில் கணிதக் குறியீடுகளை ஒழுங்காக எழுத வழியில்லை என்பதால் கேள்வியைப் படமாகப் போட வேண்டும். சிறிய ஃபோன் திரையில் படம் சுருங்கி அடுக்குக்குறி கண்ணில் படாமல் போகும்; ஒரு படத்தில் ஒரே ஒரு கோவையை மட்டும் பெரிதாக வையுங்கள்.

எண் விடையோடு இது நின்றுவிடும். மாணவர் ஒரு கோவையை, ஓர் அணியை (மேட்ரிக்ஸ்), ஒரு வெக்டரை எழுத வேண்டும், அதைக் கணினி படித்துப் பார்க்க வேண்டும் என்றால் மூடுலும் அதற்குள் ஸ்டாக் என்ற வினா வகையும் வேண்டும். மூடுல், இணையத்தில் வகுப்பு நடத்த 2002 முதல் இருக்கிற இலவச மென்பொருள். பல கல்லூரிகளில் ஏற்கெனவே நிறுவப்பட்டு, வருகைப் பதிவுக்கும் பிடிஎஃப் போடவும் மட்டும் பயன்பட்டுக்கொண்டிருக்கிறது. ஸ்டாக் பிரிட்டனில் கிறிஸ் சாங்வின் உருவாக்கியது. அதற்குப் பின்னால் மாக்சிமா என்ற குறியீட்டுக் கணித மென்பொருள் ஓடுகிறது. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. சர்வரில் மாக்சிமாவை நிறுவி மூடுலோடு இணைப்பதுதான் கொஞ்சம் சிரமமான கட்டம். கணினித் துறையில் லினக்ஸ் தெரிந்த ஒருவரின் உதவி அதற்கு வேண்டியிருக்கும்.

டோம்பிவிலி மாணவியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஐகன் வெக்டர் என்பது, அணியால் பெருக்கினால் தன் மடங்காகவே வரும் பூஜ்யமற்ற வெக்டர்; அந்த மடங்குதான் ஐகன் மதிப்பு. இந்தக் கேள்விக்கு அணியைக் குருட்டாம்போக்கில் எடுத்தால் வர்க்கமூலங்கள் வந்து நிற்கும். தலைகீழாகப் போக வேண்டும். முதலில் வெக்டர்களைத் தேர்ந்தெடுங்கள்: (1, 2), (1, 3). இவற்றை நிரல்களாக வைத்த அணியின் அணிக்கோவை (டிடர்மினன்ட்) 1, ஆகவே அதன் நேர்மாறிலும் முழு எண்கள்தான். ஐகன் மதிப்புகள் 2, 5 என்று மூலைவிட்டத்தில் வைத்து, இடப்பக்கம் அந்த அணியாலும் வலப்பக்கம் அதன் நேர்மாறாலும் பெருக்கினால், முதல் நிரை −4, 3, இரண்டாம் நிரை −18, 11 என்ற அணி கிடைக்கும். மூலைவிட்டக் கூட்டல் 7, அணிக்கோவை 10. 2-உம் 5-உம் சரியாகப் பொருந்துகின்றன. மதிப்புகளை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் எத்தனை கணக்கு வேண்டுமானாலும் செய்யலாம், எல்லாமே முழு எண்களில்.

ஏன் (1, 1) என்ற எளிய வெக்டரை எடுக்கவில்லை? 2-க்கான சமன்பாடு இங்கே −6எக்ஸ் + 3ஒய் = 0, அதாவது ஒய் என்பது எக்ஸின் இரு மடங்கு. இந்த இடத்தில் அவசரத்தில் (2, 1) என்று மாற்றி எழுதுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. (1, 1) வைத்தால் அந்தப் பிழை வெளியே தெரியவே தெரியாது.

அடுத்தது, விடையை எப்படிச் சோதிப்பது. (1, 2) சரி, (−3, −6) சரி, (0.5, 1)-உம் சரி. "ஆசிரியரின் விடையோடு சமமா" என்று கணினியைக் கேட்கச் சொன்னால் சரியாகச் செய்த பாதிப் பேருக்குப் பூஜ்யம் விழும். கேட்க வேண்டிய கேள்வி: அணியால் இந்த வெக்டரைப் பெருக்கினால் அதன் இரு மடங்கு வருகிறதா? கூடவே, இது பூஜ்ய வெக்டர் இல்லைதானே? இரண்டாவது கேள்வியை மறந்த ஆசிரியர், (0, 0) என்று எழுதியவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பார், ஏனென்றால் பூஜ்ய வெக்டர் முதல் சோதனையில் அருமையாகத் தேறிவிடும்.

ஸ்டாக்கில் இந்தச் சோதனைகளைக் கிளை கிளையாக அடுக்கலாம், ஒவ்வொரு கிளைக்கும் ஒரு குறிப்பு எழுதலாம். பூஜ்ய வெக்டர் வந்தால்: "மூலைவிட்டத்தில் லாம்டாவை (ஐகன் மதிப்பை) கழித்தீர்களா, கூட்டினீர்களா?" கூட்டினால் அணிக்கோவை 28 ஆகி, பூஜ்ய வெக்டர் தவிர வேறு தீர்வே கிடைக்காது, அங்கே வந்து நிற்பவர்களில் பலர் அந்தக் குறியில்தான் தடுக்கியிருப்பார்கள். (1, 3)-இன் மடங்கு வந்தால்: "இதுவும் ஐகன் வெக்டர்தான், ஆனால் எந்த மதிப்புக்கு உரியது?" (2, 1) வந்தால்: "நீங்கள் கண்ட எக்ஸ், ஒய் உறவில் இந்த எண்களைப் போட்டுப் பாருங்கள்." மூன்று குறிப்பிலும் விடை இல்லை என்பதைக் கவனியுங்கள். விடையைக் காட்டும் குறிப்பை மாணவர் படிப்பதில்லை, நகலெடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். இரவு பத்தரை மணிக்கு அவளுக்கு வேண்டியிருந்த ஆள் இந்தக் கிளைகளுக்குள் இருக்கிறார்.

இப்படி ஒரு கேள்வி செய்ய முதலில் இரண்டு மணி நேரம்கூட ஆகும். கை பழகிவிட்டால் குறையும். ஸ்டாக் தானாக எண்களைப் பொறுக்கிக்கொள்ள விடாமல், இருபது முப்பது வடிவங்களை முன்கூட்டியே உருவாக்கி, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துவிட்டு வெளியிடுங்கள். ஏதாவது ஒன்றில் இரண்டு ஐகன் மதிப்பும் ஒன்றாக விழுந்திருக்கும். அந்த ஒன்று எந்த மாணவரிடம் போகும் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் புதிதாக எழுதவும் வேண்டாம். ஸ்டாக் பயனர்கள் பொதுவில் வைத்த வினாக்கள் இருக்கின்றன. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிறந்த வெப்வொர்க் என்ற அமைப்பின் திறந்த வினாத் தொகுப்பில் பல்லாயிரம் கணக்குகள் உண்டு. அமைப்பு வேறு என்றாலும், எந்த எண்களை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று கற்றுக்கொள்ள அது நல்ல இடம்.

மாணவர்கள் தோற்பது பலநேரம் கணக்கில் இல்லை, தட்டச்சில். 1/2எக்ஸ் என்று எழுதிவிட்டு 2எக்ஸ் முழுவதும் கீழே இருப்பதாக நினைப்பார்கள். கணினி அரை எக்ஸ் என்று படிக்கும். எக்ஸ்(எக்ஸ்+1) என்று பெருக்கல் குறி இல்லாமல் எழுதினால், எக்ஸ் என்ற பெயரில் ஒரு சார்பு இருப்பதாக மாக்சிமா எடுத்துக்கொள்ளும். மாணவர் எழுதியதைத் தான் எப்படிப் புரிந்துகொண்டது என்று ஸ்டாக் அழகாக வரைந்து காட்டும். "அந்தப் படத்தைப் பார்த்த பிறகே சமர்ப்பி" என்ற பழக்கத்தை முதல் வாரமே ஏற்படுத்த வேண்டும். முதல் வாரத் தேர்வில் கணிதமே வேண்டாம். கொடுத்த ஐந்து கோவைகளை அப்படியே தட்டச்சு செய்யட்டும், அதற்கு மதிப்பெண் கொடுங்கள். அந்த ஒரு வாரம் செலவானாலும் பிறகு வரும் புகார்களில் முக்கால்வாசி வராது.

லாக் விஷயத்தில் ஒரு தனி எச்சரிக்கை. நம் பாடநூல்களில் வகைநுண்கணிதம் வந்துவிட்டால் லாக் என்றால் ஈ அடிமானம். மாக்சிமாவும், சேஜ் என்ற கணித மென்பொருளும் அப்படியே. டெஸ்மாஸ் என்ற வரைபடக் கருவியில் லாக் என்றால் 10 அடிமானம். ஈ அடிமானத்துக்கு எல்என் என்று எழுத வேண்டும். ஒரே வகுப்பில் இரண்டையும் பயன்படுத்தினால் இதைப் பலகையில் எழுதிப் போட்டுவிடுங்கள். தொகையீட்டிலும் இதுபோல் ஒன்று: 1/எக்ஸின் தொகையைக் கேட்டால் சேஜ் மட்டுக்குறி (| |) இல்லாமல் வெறும் லாக் எக்ஸ் என்று தரும். வகுப்பில் மட்டுக்குறி போடாததற்கு மதிப்பெண் குறைப்பவர், கணினித் தேர்வில் அதை என்ன செய்வது என்று முன்பே முடிவெடுக்க வேண்டும்.

வரைபடக் கருவிகளில் ஜியோஜீப்ராவும் டெஸ்மாஸும் போதும். கணக்கீட்டுக்கு, சேஜை ஃபோன் உலாவியிலேயே ஓட்டும் சேஜ்செல். இவை சரியாக வரையும் இடங்களைவிடத் தவறும் இடங்களில்தான் பாடம் அதிகம். சைன்(1/எக்ஸ்)-ஐப் பூஜ்யத்துக்கு அருகில் பெரிதாக்கிக்கொண்டே போனால் வரைபடம் உடைந்து, இல்லாத கோலங்களைக் காட்டும், ஏனென்றால் கருவி குறிப்பிட்ட சில புள்ளிகளை மட்டும் எடுத்து இணைக்கிறது. (எக்ஸ்² − 1)/(எக்ஸ் − 1)-இல் எக்ஸ் = 1-இல் உள்ள துளை, கோட்டை மட்டும் பார்த்தால் தெரியாது. எக்ஸின் கனமூலத்தை எக்ஸ்^(1/3) என்று சேஜில் வரைந்தால் இடப்பாதி காணாமல் போகும், அது கலப்பெண் மூலத்தை எடுப்பதால். டெஸ்மாஸ் முழுவதும் வரையும்.

எனக்கு மிகவும் பிடித்தது (1 − காஸ் எக்ஸ்)/எக்ஸ்². பூஜ்யத்தை நெருங்கும்போது இதன் லிமிட் 1/2. சேஜ்செல்லில் எக்ஸுக்கு 0.1, 0.01, 0.0001 என்று போடச் சொல்லுங்கள். அரைக்குப் பக்கத்தில் போகும். 10-இன் அடுக்கு −8-ஐ 1e-8 என்று தசம எண்ணாகப் போட்டதும் விடை பூஜ்யம். காஸ் மதிப்பு 1-க்கு மிக அருகில் போய், சுமார் 16 இலக்கங்களுக்குள் வேறுபாடு மறைந்து, கழித்தால் எதுவும் மிஞ்சாததுதான் காரணம். "எண்களைப் போட்டுப் பார்த்தேன், லிமிட் பூஜ்யம்" என்று ஒரு மாணவர் சொல்லும்போது, நிறுவல் எதற்கு என்பது வகுப்புக்கே புரியும். இதைக் கரும்பலகையில் மட்டும் செய்து காட்ட முடியாது.

மும்பைத் தமிழ் மாணவருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் பத்தாவது வரை படித்துவிட்டு, பதினொன்றாம் வகுப்பில் திடீரென்று ஆங்கிலத்துக்குள் நுழைகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு உதவ நினைப்பவர்கள் தமிழ்நாட்டுப் பாடநூல் சொற்பட்டியலை அனுப்பி வைக்கிறார்கள். அது பெரிதாக உதவுவதில்லை. தமிழ்நாட்டில் வகைநுண்கணிதம் பதினொன்றில்தான் வருகிறது. வகைக்கெழு, தொகையீடு என்ற சொற்களை இந்தப் பிள்ளைகள் பள்ளியில் கேட்டதே இல்லை. அவர்களுக்கு டெரிவேட்டிவ் எவ்வளவு புதிதோ வகைக்கெழுவும் அவ்வளவு புதிது. அவர்கள் தடுமாறுவது சொல்லில் குறைவு, வாக்கிய அமைப்பில்தான் அதிகம்: லிமிட்டின் வரையறையில் "ஒவ்வொரு எப்சிலானுக்கும் ஒரு டெல்டா உண்டு" என்பதும் "ஒரு டெல்டா எல்லா எப்சிலானுக்கும் உண்டு" என்பதும் ஆங்கிலத்தில் வேகமாகக் கேட்டால் ஒன்றுபோலவே இருக்கும். லிமிட், டெல்டா போன்ற சொற்களை அப்படியே வைத்து, வாக்கியத்தை மட்டும் தமிழில் சொல்லும் இரண்டு நிமிட ஒலிப்பதிவு இங்கே பேருதவி. யார் முதலில் எண்ணைத் தருகிறார், யார் பதிலுக்குத் தருகிறார் என்று சொல்லிவிட்டால் போதும். ஸ்டாக் குறிப்புகளையும் தமிழில் எழுதலாம், மூடுல் தமிழை ஏற்கும். கருவிகளைக் கற்க, பவாய் ஐ.ஐ.டி. தொடங்கிய ஸ்போக்கன் டுட்டோரியலில் தமிழ்க் குரலோடு சிறு பாடங்கள் கிடைக்கின்றன.

வாட்ஸாப் குழு எப்படியும் இருக்கும். அதில் ஒரு கட்டுப்பாடு வேண்டும்: தேர்வு மூடும் வரை முழுத் தீர்வின் படம் போடக்கூடாது, "எந்த வரியில் நிற்கிறாய்" என்று கேட்டு அந்த வரியைப் பற்றி மட்டும் பேசலாம். கேள்வியைப் படம் பிடித்தால் தீர்வு தரும் செயலிகள் எல்லார் ஃபோனிலும் இருக்கின்றன. அவற்றைத் தடுக்கப் பார்ப்பது வீண். கேள்வியை மாற்றலாம். "பூஜ்யமற்ற ஓர் அணி, அதன் வர்க்கம் பூஜ்யம், எந்த உறுப்பும் பூஜ்யமாக இருக்கக்கூடாது, இடப்பக்க மேல் உறுப்பு உங்கள் கடைசி இலக்கம் + 2." மேல் உறுப்பு 3 என்றால் நிரைகள் 3, −9 என்றும் 1, −3 என்றும் எழுதலாம்; வேறு விடைகளும் ஏராளம். செயலி ஒரு விடை தரலாம்தான். ஆனால் திங்களன்று வகுப்பில் எல்லா விடைகளையும் திரையில் போட்டு, "இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது என்ன?" என்று கேட்டால், மூலைவிட்டக் கூட்டலும் அணிக்கோவையும் பூஜ்யம் என்பதை மாணவர்களே கண்டு சொல்வார்கள்.

வாரத்துக்கு நான்கு கேள்விக்கு மேல் வேண்டாம். வெள்ளி மாலை திறந்து திங்கள் காலை எட்டுக்கு மூடலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் முயலட்டும், ஒவ்வொரு முறையும் எண்கள் மாறட்டும், சிறந்த மதிப்பெண்ணே கணக்கு. தவறுக்குக் கழித்தல் வைத்தால் பயந்து நண்பரிடம் விடை கேட்பார்கள். பக்கத்துக்கு ஒரு கேள்வி என்று வையுங்கள். ரயிலில் சிக்னல் போனால் அந்த ஒரு கேள்வியோடு இழப்பு நிற்கும். குறிப்புகளை ஃபோன் கேமராவில் அப்படியே எடுத்தால் பத்துப் பக்கம் 30, 40 எம்பி ஆகும். ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளையாக எடுத்தால் ஒன்றிரண்டு எம்பிக்குள் அடங்கும். திங்கள் வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் எந்தக் கிளையில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று பார்க்க. பதினெட்டுப் பேர் (2, 1) எழுதியிருந்தால் அன்றைய பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.

பருவம் முடிந்ததும் வினா வங்கியை மூடுலிலிருந்து எக்ஸ்எம்எல் கோப்பாக இறக்கி, கல்லூரி சர்வருக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள். சர்வர் மாறும்போது இவைதான் முதலில் தொலையும். ஒவ்வொரு கேள்வியின் பெயரிலும் பாடமும் சோதிக்கும் பிழையும் தெரியட்டும்: "ஐகன் வெக்டர், இடமாற்றப் பிழை" என்பதுபோல. கேள்விக்குள் ஆசிரியர் குறிப்பாக ஒரு வரி சேருங்கள்: "க-வுக்கு 2, 3 வேண்டாம், விடைகள் மோதும்." அடுத்த ஆண்டு அந்தத் தாளை எடுக்கும் புதிய விரிவுரையாளர் எண்களைத் துணிந்து மாற்ற அந்த ஒரு வரி போதும்.